பத்தாவது ஆள்

கொச்சி மட்டாஞ்சேரியில், அரண்மனையை ஒட்டி அரசர் கொடுத்த நிலத்தில் 1568இல் எழுந்தது யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம். 1662இல் போர்த்துகீசியர் சிதைத்தனர். டச்சுக்காரர் காலத்தில், 1664இல், மறுபடி எழும்பியது. மணிக்கூண்டு 1760இல் எசக்கியேல் ரஹாபி கட்டியது. தரையில் பதித்த சீனத்து ஓடுகளைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் போதும் போதுமென்று எழுதிவிட்டன. எண்களில் இந்த ஆலயத்துக்கு முக்கியமானது பத்துதான்.

பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் இங்கே பொதுத் தொழுகை. மின்யான் என்பார்கள். பெற்றோரை இழந்தவர் பதினோரு மாதம் சொல்லும் கதீஷ் என்ற துதியையும் மின்யான் இல்லாமல் சொல்லக் கூடாது. அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. முழுக்க இறைவன் புகழ்தான். இறப்பு நடந்து முதல் ஏழு நாள் ஊர் துக்க வீட்டுக்கு வரும். அதன்பின் துக்கப்பட்டவர் எழுந்து, குளித்து, ஊர் கூடும் இடத்துக்குப் போயாக வேண்டும். அங்கே யாரும் அவரிடம் ஆறுதல் பேச வேண்டியதில்லை. அவர் சொல்வார், மற்றவர்கள் ஆமேன் என்பார்கள். இன்னொருவர் கதீஷ் சொல்ல ஆள் குறையும்போது இவர் போய் நிற்பார். துக்கத்தில் இருப்பவனுக்கு, தன்னால் பிறருக்கு இன்னும் ஆக வேண்டியது இருக்கிறது என்று தெரிவதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. கூடி நடத்தும் சடங்கு மனிதனுக்குத் தெம்பூட்டுகிறது என்று 1912இல் விரிவாக எழுதிய பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம், ஒரு யூத மதகுருவின் மகன்.

ஆனால் இதே கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லி ஒரு பிரிவினரை நெடுங்காலம் பெஞ்சில் உட்கார விடவில்லை. யூத வேதமான தோராவை வாசிக்கவும் விடவில்லை. சேர்ந்து தொழுவது தரும் பலம் எவ்வளவோ, கூட்டத்துக்குள்ளேயே ஒதுக்கப்படும் வலியும் அவ்வளவு. அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் காந்தி வழியில் சத்தியாகிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

1968 டிசம்பரில் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியானது. அதற்குள் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய், நெவாதிம், மெசிலாத் சியோன் போன்ற குடியிருப்புகளில் கூட்டமாகவே அமர்ந்து, அங்கே தொழுதுகொண்டிருந்தார்கள். மட்டாஞ்சேரியில் இப்போது உள்ளூர் ஆட்களைக் கொண்டு மின்யான் சேர்வதில்லை. வெளியூர் யூதர்கள் வந்து எண்ணிக்கை நிறையும் நாளில் தொழுகை நடக்கிறது.