ஜே. பி. ஜெயரத்தினம்

ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் (சனவரி 5, 1926 – செப்டம்பர் 30, 2008) சிங்கப்பூரைச் சேர்ந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். 1971 முதல் 2001 வரை, மிதவாத இடதுசாரிக் கட்சியான பாட்டாளிக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தார். 1965 இல் சிங்கப்பூர் தனிநாடான பின்னர் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்ற முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் இவரே.

இளமைக்காலம்

ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்தில் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, மலாயாவில் வளர்ந்தார். இலண்டனில் சட்டம் பயின்று 1951 இல் வழக்கறிஞரானார். பின்னர் சிங்கப்பூர் சட்டப் பணியில் சேர்ந்து மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றினார். 1963 இல் அரசுப் பணியிலிருந்து விலகினார்.

அரசியல் வாழ்க்கை

டேவிட் மார்சல் 1957 இல் தொடங்கிய பாட்டாளிக் கட்சி செயலற்றிருந்த நிலையில், ஜெயரத்தினம் அதன் தலைமையை ஏற்றார். 1972 முதல் பல தேர்தல்களில் தோல்வியுற்றார். தேவன் நாயர் குடியரசுத் தலைவரானதால் 1981 அக்டோபரில் ஆன்சன் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் 653 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். 1968 முதல் எல்லா இடங்களையும் வைத்திருந்த மக்கள் செயல் கட்சியின் தனியுரிமை இதனால் முடிவுக்கு வந்தது. 1984 இலும் அதே தொகுதியில் வென்றார்.

வழக்குகள்

கட்சிக் கணக்குகள் பற்றிய வழக்கில் 1986 இல் ஒரு மாதச் சிறையும் 5000 வெள்ளி தண்டமும் பெற்று, பதவியை இழந்தார். தேர்தலில் போட்டியிடவும் ஐந்தாண்டுகள் தடை ஏற்பட்டது. வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். 1988 இல் பிரிவி கவுன்சில் அந்த நீக்கத்தை இரத்துச் செய்து, அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதாகக் கூறியது. எனினும் குற்றத் தீர்ப்பின் மீது அங்கு மேல்முறையீடு செய்ய வழியில்லாததால் தண்டனை நீடித்தது, பொதுமன்னிப்பும் மறுக்கப்பட்டது.

1997 தேர்தலில் செங் சான் குழுத்தொகுதியில் இவரது அணி தோற்றபோதும், தொகுதியில்லா உறுப்பினராக நாடாளுமன்றம் திரும்பினார். கட்சி இதழான "த ஹாமர்" 1995 இல் வெளியிட்ட தமிழ்க் கட்டுரை தொடர்பான அவதூறு வழக்கின் இழப்பீட்டைச் செலுத்த இயலாமல் 2001 இல் நொடித்தவராக அறிவிக்கப்பட்டு, மீண்டும் பதவியிழந்தார். அவ்வாண்டே கட்சியிலிருந்து விலகினார். பின்னர் தாம் எழுதிய நூல்களைத் தெருவில் நின்று விற்றார்.

மறைவு

2007 இல் கடனிலிருந்து மீண்டு, 2008 இல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கினார். சில மாதங்களில் மாரடைப்பால் தமது 82 ஆவது அகவையில் காலமானார். பாட்டாளிக் கட்சி 2011 இல் முதன்முறையாக ஒரு குழுத்தொகுதியைக் கைப்பற்றியது.