சுங்கவீதி: ஒரு சொல்லும் அதன் சமூக வரலாறும்

சுங்கவீதியைக் குறிக்கும் 'டேர்ன்பைக்' என்னும் ஆங்கிலச் சொல் 'சுழல்', 'ஈட்டி' எனப் பொருள்படும் இரு சொற்களாலானது. 15ஆம் நூற்றாண்டில் அது குதிரைப்படையைத் தடுக்க வழியில் நிறுத்திய கூர்முனைத் தடையையே சுட்டிற்று. 1663இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வடக்குப் பெருவீதியின் ஒரு பகுதியிற் சுங்கம் அறவிட அனுமதித்தது. காலப்போக்கில் இச்சொல் சுங்கவாயிலையும், பின்னர் வீதியையுமே குறிக்கலாயிற்று.

பொருள் மாறினும் தடை நீங்கவில்லை. வயலுக்குச் சுண்ணாம்பு ஏற்றிச்சென்ற வேல்ஸ் விவசாயிகள் வாயில்தோறும் பணம் செலுத்த நேர்ந்தது. 1839 முதல் 1843 வரை அவர்கள் பெண்ணுடை தரித்துச் சென்று வாயில்களைத் தகர்த்தனர். 'ரெபெக்கா கலகம்' எனப்படும் இவ்வெழுச்சியின் விளைவாக 1844ஆம் ஆண்டுச் சட்டம் சுண்ணாம்புச் சுங்கத்தைப் பாதியாகக் குறைத்தது.

படையைத் தடுத்த சொல் உழைப்பவனைத் தடுக்கும் சொல்லாயிற்று. சொற்பிறப்பாய்வு சமூக உறவுகளையும் தழுவவேண்டும் என்பதையே நாம் இங்கு வலியுறுத்துகின்றோம்.