கழுத்துப்பட்டையும் பேப்பர் கப்பும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை அந்த ஊர்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட், நிறவெறியைப் பற்றி வாயால் பாடம் நடத்திப் பயனில்லை என்று முடிவு செய்தார். வகுப்பில் அத்தனை பேரும் வெள்ளைக் குழந்தைகள். அதனால் தோலை விட்டுவிட்டுக் கண்ணைப் பிடித்தார். ஒரு நாள் ஒரு நிறக் கண்ணுக்காரர்கள் உயர்ந்தவர்கள், அடுத்த நாள் மற்றவர்கள்.

ஒரு வகுப்பறைக்குள் முடிந்திருக்க வேண்டிய இந்தப் பாடம் 1970ல் படமானது. ஏபிசி தொலைக்காட்சிக்காக வில்லியம் பீட்டர்ஸ் எடுத்த 'தி ஐ ஆஃப் தி ஸ்டார்ம்', அரை மணி நேரம்கூட ஓடாத ஆவணப்படம். முதல் நாள் நீலக் கண் உசத்தி. பழுப்புக் கண் பிள்ளைகளின் கழுத்தில் துணிப்பட்டை ஏறுகிறது, தூரத்தில் வரும்போதே அடையாளம் தெரிய வேண்டுமாம். அவர்கள் பொதுக் குழாயில் வாய் வைக்கக் கூடாது, பேப்பர் கப்பில்தான் குடிக்க வேண்டும். மதியம் விளையாட்டுத் திடலில் கைகலப்பு. நேற்றுவரை கண் நிறம் வெறும் நிறமாக இருந்தது, இன்று அது திட்டும் சொல். அதைச் சொல்லிக் கூப்பிட்டவனை ஒரு பையன் அடித்துவிடுகிறான்.

என்னை அதிகம் உலுக்கியது சண்டை அல்ல, ஒரு கணக்கு. எழுத்தட்டைகளை வாசித்து முடிக்க, பட்டை கட்டிய அன்று பழுப்புக் கண் குழுவுக்கு ஐந்தரை நிமிடம் ஆனது. மறுநாள் பட்டை கழன்றதும் அதே பிள்ளைகள் அதே அட்டைகளை இரண்டரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். முந்தின நாள் ஏன் முடியவில்லை என்று டீச்சர் கேட்க, கழுத்துப்பட்டை நினைப்பாகவே இருந்தது என்கிறார்கள். 'அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்று ஓய்வறையில் பேசிக்கொள்ளும் நம் ஆசிரியர்கள் இந்த மூன்று நிமிட வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

படம் அதோடு நிற்கவில்லை. 1984ல் அந்த வகுப்பு மாணவர்கள் 11 பேர் வளர்ந்த ஆட்களாகத் திரும்பிவந்து, தங்கள் குழந்தை முகங்களைத் திரையில் பார்த்தார்கள். அந்தச் சந்திப்பையும் பழைய படத்தையும் சேர்த்து, பீட்டர்ஸே 1985ல் ஃப்ரண்ட்லைன் என்ற தொலைக்காட்சி ஆவணப்படத் தொடருக்காக 'எ கிளாஸ் டிவைடட்' எடுத்தார். நியூயார்க்கின் கிரீன் ஹேவன் சிறை ஊழியர்களுக்கு எலியட் இதே பாடத்தை நடத்தியதும் அதில் இருக்கிறது. பிறகு கல்லூரிகள், ஆசிரியர் பயிற்சிகள் என்று பல இடம் சுற்றியது. உள்ளூரில் மட்டும் எலியட் குடும்பத்துக்கு வசைதான் மிச்சம். குழந்தைகளை இப்படி அழவைக்கலாமா என்ற கேள்வியும் இன்றுவரை ஓயவில்லை. நியாயமான கேள்வி. அந்தச் சோதனையை நம் வகுப்பில் யாரும் திரும்ப நடத்த வேண்டாம். நடத்தாமலே காட்டத்தானே படம் இருக்கிறது.

தமிழ்க் கண்ணில் பார்த்தால் இந்தப் படத்தில் புதிதாக ஒன்றுமில்லை. அந்தப் பேப்பர் கப் நம் டீக்கடையில் இருந்தது, இருக்கிறது. இரட்டைக் குவளை என்று நாம் அதற்குப் பேர் வைத்திருக்கிறோம். பட்டையும் இருக்கிறது, கழுத்தில் அல்ல, மணிக்கட்டில். ரைஸ்வில்லில் டீச்சர் சொல்லிக் கட்டினார்கள், இங்கே பிள்ளைகள் தாங்களாகவே சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். 2019ல் அதைத் தடுக்கச் சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனைப் பள்ளித் தோழர்களே சாதிவெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்று பலவும் பரிந்துரைத்தது.

அந்த அறிக்கை முதல்வரிடம் போனது 2024 ஜூன் 18 அன்று. அடுத்த நாள் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாவுகள் தொடங்கின. மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. நாடு முழுக்க அதுவே பேச்சு, அறிக்கை உள்பக்கத்துக்குப் போய்விட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது. சாராயம் என்றதும் எல்லோர் விரலும் அதே மாவட்டத்தின் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. கொன்றது ஆலைத் தேவைக்கான மெத்தனால், மலையில் காய்ச்சியதல்ல. ஆனாலும் பட்டை மலைக்காரன் கழுத்தில் ஏறிவிட்டது. செம்மரம் வெட்டுகிறவன் என்ற பட்டை அதற்கு முன்பே ஏறியிருந்தது.

1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. அங்கே பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியின் குழந்தைகள். ரைஸ்வில் மாதிரி, கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இனம். வித்தியாசம், கீழே இறங்கினால் இவர்கள் கழுத்தில்தான் பட்டை. மேல்படிப்புக்குக் கள்ளக்குறிச்சிக்கோ சங்கராபுரத்துக்கோ வந்து, சமவெளிப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரும்போது அது உறைக்கும்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை சிறார் திரைப்படங்கள் காட்டும் திட்டம் 2022ல் தொடங்கியது. சாப்ளினின் 'தி கிட்', பிரெஞ்சுப் படம் 'தி ரெட் பலூன்' எல்லாம் திரையிட்டார்கள், படம் முடிந்ததும் பிள்ளைகளைப் பேசவைத்தார்கள். நல்ல காரியம். ஆவணப்படத்துக்கும் அங்கே இடம் கொடுக்கலாம். ஆனால் 'எ கிளாஸ் டிவைடட்' முதலில் கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்குப் போக வேண்டியதில்லை. பட்டையின் கனத்தை அந்தப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. சமவெளிப் பள்ளிகளில் ஓட வேண்டும், கட்டுகிற கைகள் அங்கேதான் இருக்கின்றன.

படம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, ஃப்ரண்ட்லைன் இணையதளத்தில் கிடைக்கிறது. வேண்டியது ஒரு தமிழ்க் குரல், பார்த்த பிறகு பேச ஒரு பீரியட். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைமையாசிரியர்களே, முதல் காட்சியை ஆசிரியர்களுக்குப் போடுங்கள்.