கைதுடைக்கும் தாளில் நான்கு கேள்விகள்

1929-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரால்ஃப் டைலர் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27. பாடம் நடத்துவதிலும் தேர்வு வைப்பதிலும் பேராசிரியர்களுக்கு உதவுவது அவருக்குத் தரப்பட்ட வேலை. தலை நரைத்த பேராசிரியர்களிடம் போய், உங்கள் வினாத்தாள் சரியில்லை என்று சொல்லிவிட முடியுமா? டைலர் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பாடத்தைப் படித்து முடித்த மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். விலங்கியல் துறை அதற்கு ஒரு பதில் சொன்னது. அதே துறையின் வினாத்தாளோ வேறொரு பதிலை வைத்திருந்தது.

முன்பின் பார்த்திராத ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்தால் மாணவர் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும், கற்ற விதியைப் புதிய இடத்தில் பொருத்திக் காட்ட வேண்டும் என்றெல்லாம் பேராசிரியர்கள் விரும்பினார்கள். வினாத்தாளில் கேட்டதோ உறுப்புகளின் பெயர்களை. டைலர் இரண்டுக்கும் தனித்தனியே தேர்வு தயாரித்தார். பாடம் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு மாணவர்களை மறுபடியும் சோதித்துப் பார்த்தார். உருப்போட்ட பெயர்களில் பெரும்பாலானவை காணாமல் போயிருந்தன. விதியைப் பொருத்தும் திறன் ஏறக்குறைய அப்படியே நின்றிருந்தது. மறந்துபோகிற விஷயத்துக்கே இத்தனை காலமும் மதிப்பெண் போட்டுவந்திருக்கிறார்கள்! 1933-இல் இது கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டில் இன்னோரிடத்தில் ஒரு பெரிய சண்டைக்கு விதை விழுந்துகொண்டிருந்தது.

முற்போக்குக் கல்விச் சங்கம் என்ற அமைப்பு 30 பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு, எவரும் துணியாத ஒரு பரிசோதனையில் இறங்கியது. கல்லூரி நுழைவுக்காக விதிக்கப்பட்ட பாடங்களை இந்தப் பள்ளிகள் நடத்த வேண்டியதில்லை; பாடத்திட்டத்தை அவர்களே வகுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வரும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதாகச் சுமார் 300 கல்லூரிகள் ஒப்புக்கொண்டன. எட்டாண்டு ஆய்வு என்று அதற்குப் பெயர். ஆனால் மாணவர்களை அளப்பதற்கு வழக்கமான பொதுத் தேர்வுகளையே கொண்டுவந்தபோது பள்ளிகள் கொதித்தெழுந்தன. விலகிவிடுவோம் என்று சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஒஹாயோவில் டைலரின் வேலையைக் கண்டிருந்த பேராசிரியர் பாய்ட் போட், அவரைக் கூப்பிடுங்கள் என்றார். 1934-இல் மதிப்பீட்டுக் குழு டைலரின் பொறுப்பில் வந்தது. தேர்வுச் சண்டை தணிந்ததும் ஆசிரியர்கள் இன்னும் கடினமான ஒன்றைக் கேட்டார்கள்.

தேர்வு தயாரிக்க ஒரு முறை சொல்லிக் கொடுத்தீர்களே, பாடத்திட்டம் எழுத ஒரு முறை சொல்லுங்கள். அப்படி ஒரு முறையே கிடையாது என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். டைலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, மதிய உணவு மேசையில் சக ஆய்வாளர் ஹில்டா டாபாவிடம் இந்த விவாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஏன் இல்லை என்று கைதுடைக்கும் தாளை எடுத்து வரைந்து காட்டினார். அன்று கிறுக்கியது நாளடைவில் நான்கு கேள்விகளாகத் திரண்டது. மாணவர் எதை அடைய வேண்டும்? அதற்கு அவர் எதையெல்லாம் செய்து பழக வேண்டும்? அந்த அனுபவங்களை எப்படிக் கோத்து அமைப்பது? அடைந்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எந்த நூலின் எத்தனை அத்தியாயங்களை நடத்துவது என்ற கேள்வியிலிருந்தே பாடத்திட்டம் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரிந்திருக்கும். அது ஊரறிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

எட்டாண்டு ஆய்வின் முடிவுகள் 1942-43-இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. இந்தப் பள்ளி மாணவர்களுக்கு ஒத்த பிற மாணவர்களைத் தேடி, 1,475 இணைகளாகக் கல்லூரிப் படிப்பை ஒப்பிட்டிருந்தார்கள். தளைகள் இல்லாத பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் எதிலும் பின்தங்கவில்லை; பலவற்றில் சற்று முன்னாலேயே இருந்தார்கள். கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் நாடு போரில் இறங்கியிருந்தது, ஐந்து தொகுதிகளைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அத்தனை உழைப்பும் அலமாரியோடு முடிந்திருக்கும். காப்பாற்றியது ஒரு வகுப்பறை.

1938-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த டைலர், அங்கே ‘கல்வி 360’ என்ற பாடத்தை நடத்திவந்தார். அந்த வகுப்பு மாணவர்களுக்காக அவர் எழுதிய பாடத்திட்டமே 1949-இல் சிறு நூலாக அச்சாயிற்று. பாடத்திட்டம் எப்படி எழுதுவது என்று உலகுக்குக் கற்றுக்கொடுத்த நூல், தானே ஒரு பாடத்திட்டமாகப் பிறந்தது. நான்கு கேள்விகளைச் சுற்றி எழுப்பிய அந்தப் புத்தகம் 128 பக்கங்களைத் தாண்டவில்லை. முதல் கேள்வியில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. மாணவர் அடைய வேண்டியதை எந்தச் சொற்களில் எழுதுவது? அந்தப் பள்ளத்தை நிரப்பியவர் டைலரின் மாணவர்.

பெஞ்சமின் புளூம், பென்சில்வேனியாவில் குடியேறிய ரஷ்ய யூதப் பெற்றோரின் மகன். டைலரிடம் படிப்பதற்கென்றே சிகாகோ வந்து, 1943-இல் பல்கலைக்கழகத்தின் தேர்வாளர் ஆனவர். சிகாகோவில் பாடம் நடத்துபவர் வேறு, தேர்வு வைப்பதற்கென்று தனி வாரியம் வேறு. அதனால் ஒவ்வொரு பேராசிரியரிடமும் போய், உங்கள் மாணவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பது புளூமுக்கு அன்றாட வேலை. நல்ல வினாக்களை உருவாக்குவது பெரும்பாடு. மற்ற பல்கலைக்கழகத் தேர்வாளர்களும் இதே பாட்டைப் பட்டுக்கொண்டிருந்தார்கள். 1948-இல் பாஸ்டன் நகரில் உளவியலாளர் மாநாட்டுக்கு வந்த சில தேர்வாளர்கள் தனியே கூடிப் பேசினார்கள். வினாக்களைப் பரிமாறிக்கொண்டால் என்ன? அதற்கு முதலில் வினாக்களை வகைப்படுத்தியாக வேண்டும். ஒருவர் ‘புரிதல்’ என்பதை இன்னொருவர் ‘அறிவு’ என்றார். பேச்சு ஒரு கூட்டத்தில் முடியவில்லை.

ஒவ்வொரு முறை ஒவ்வொரு பல்கலைக்கழகத்தில் கூடி, ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். முடிவில் ஆறு படிகள் எழுந்தன: அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல். முன்வரைவை ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு ஆசிரியர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். 1956-இல் நூல் வந்தது, டைலருக்குக் காணிக்கையாக. விவாதத்தின்போது எழுந்த ஓர் அச்சத்தை முன்னுரையிலேயே நேர்மையாகப் பதிவுசெய்திருந்தார்கள்: ஆசிரியர்கள் தாங்களாகச் சிந்திப்பதை விட்டுவிட்டு, பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டத் தொடங்கிவிட்டால்? அந்த அச்சத்தோடுதான் புத்தகம் உலகம் சுற்றக் கிளம்பியது.

முதலில் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று இந்தியா. மனப்பாடத் தேர்வை மாற்ற வழி தேடிக்கொண்டிருந்த நாடு 1957-இல் புளூமையே வரவழைத்தது. பல இடங்களில் அவர் ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தினார். அடுத்த ஆண்டே தேர்வுச் சீர்திருத்தத்துக்கென்று டெல்லியில் மத்திய தேர்வுப் பிரிவு அமைந்தது. கல்லூரிகளின் கதவு திறக்க வெகுகாலம் பிடித்தது. இடையில், 2001-இல், புளூமின் பழைய கூட்டாளி டேவிட் கிராத்வோலும் லோரின் ஆண்டர்சனும் ஆறு படிகளையும் வினைச்சொற்களாக்கி, ‘படைத்தல்’ என்பதை உச்சியில் வைத்தார்கள். 2014-இல் பொறியியல் பட்டங்களுக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பினர் ஆனது. படித்து முடித்தவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று எழுத்தில் காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. கலை, அறிவியல் கல்லூரிகளும் அதே பாதையில் வந்து சேர்ந்தன.

தமிழ்நாட்டுக் கல்லூரிப் பாடத்திட்டங்களில் ஐந்து அலகுகளோடு அச்சாகும் கற்றல் விளைவுகளும், அவற்றின் பக்கத்தில் நிற்கும் கே1, கே2 தொடங்கி கே6 வரையிலான குறியீடுகளும் அந்தத் தேர்வாளர்கள் கட்டிய ஆறு படிகளின் வழிவந்தவைதான். நிரப்பியாக வேண்டிய கட்டம் என்று பல துறைகளில் கற்றல் விளைவைக் கடைசியாக எழுதுகிறார்கள். முன்னுரையின் அச்சம் பலித்திருப்பது வருத்தம் தருகிறது, ஏனென்றால் முதலில் எழுதினால் அந்த வரிக்கு உண்மையான பலம் உண்டு. ‘கல்வெட்டுகள்: வகைகளும் முக்கியத்துவமும்’ என்ற அலகை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதில், ‘சோழர் காலக் கல்வெட்டு ஒன்றின் படியை வாசித்து, கொடையாளி யார், கொடுத்தது என்ன, எந்த ஆட்சியாண்டு என்று மாணவர் பிரித்தெழுதுவார்’ என்று தொடங்கினால், வகுப்புக்குக் கல்வெட்டுப் படிகள் வந்தாக வேண்டும். எழுத்து வடிவங்களைப் பழகப் பருவத்தின் முதல் வாரங்களை ஒதுக்க வேண்டும். தேர்வில் இதுவரை பார்க்காத ஒரு கல்வெட்டைக் கொடுக்க வேண்டும். பருவம் முடியும்போது தன்னிடம் என்ன கேட்கப்படும் என்பது முதல் நாளே மாணவருக்குத் தெரிந்திருக்கும்.