ஓட்ஸ் வழக்கும் இரு சத்தியங்களும்

புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் விலை வேறு என்பதை நம் வீடுகளில் சிறுவரும் அறிவர். அத்தகைய வேறுபாடு ஒன்றுதான் 1871ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குவீன்ஸ் பெஞ்சு நீதிமன்றம் வரை சென்றது. 'ஸ்மித் எதிர் ஹியூஸ்' என்னும் அவ்வழக்கைச் சட்ட மாணவர் ஒப்பந்த இயலுக்காகப் படிப்பர். நான் அதனை, சத்தியம் செய்து கூறும் சாட்சியத்தின் வரலாற்றுக்காக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு விந்தையைச் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அந்நாட்டுப் பொதுச்சட்ட நீதிமன்றங்களில் வாதியோ பிரதிவாதியோ தம் வழக்கில் தாமே சாட்சி கூற இயலாது. தன் நலத்துக்காகச் சத்தியம் செய்பவன் பொய்யுரைப்பான் என்று சட்டம் அஞ்சியது. தானியத்தை விற்ற உழவன் ஊமைபோல் அமர்ந்திருக்க, பேரத்தைக் கண்ட பிறர் பேசவேண்டும். உண்மையை நன்கறிந்தவனையே வெளியே நிறுத்தும் இந்த முறையை அறிஞர் பெந்தாம் கடுமையாகச் சாடினார். மெல்ல மெல்லத் தடை தளர்ந்தது. வழக்கில் நலன் உடைய பிறர் 1843இலும், சிறு வழக்குகளுக்கான கவுண்டி நீதிமன்றங்களில் வழக்காடுவோரே 1846இலும், ஏனைய சிவில் நீதிமன்றங்களில் 1851இலும் சாட்சி கூறும் உரிமை பெற்றனர்.

இனி ஓட்ஸுக்கு வருவோம். நம் நாட்டில் குதிரைக்குக் கொள்ளு, அங்கே ஓட்ஸ். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்பெற்ற எப்சம் நகரில், பந்தயக் குதிரைகளைப் பழக்கும் ஒருவரின் காரியஸ்தரிடம் ஓர் உழவன் ஓட்ஸ் மாதிரி ஒன்றைக் காட்டினான். அதே தானியம் நாற்பது ஐம்பது குவார்ட்டர் இருப்பதாகவும், குவார்ட்டர் 35 ஷில்லிங் என்றும் கூறினான். குவார்ட்டர் என்பது எட்டு புஷல் கொண்ட முகத்தலளவு. மறுநாள் காரியஸ்தர் 34 ஷில்லிங் விலைக்கு முழுவதையும் வாங்கிக்கொள்வதாக எழுதினார். ஒரு பகுதி வந்து சேர்ந்தபின், அது புதிய ஓட்ஸ் என்று கண்டு திருப்பி எடுக்கச் சொன்னார்கள். புதியது என்று தனக்குத் தெரியும், தன்னிடம் வேறில்லை என்றான் உழவன். இந்த விடையை ஒளிவுமறைவற்ற நேர்மை என்பதா, துணிச்சல் என்பதா? எனக்கு முன்னதாகவே தோன்றுகிறது.

எப்சம் கவுண்டி நீதிமன்றத்தில் சத்தியத்துக்கு எதிராகச் சத்தியம் நின்றது. 'பழைய ஓட்ஸ்' என்றே கேட்டதாகவும், பழையதே என்று உழவன் விடையிறுத்ததாகவும் வாங்கியவர் தரப்பு கூறிற்று. பழையது புதியது என்ற பேச்சே எழவில்லை என்றான் உழவன். 1846க்கு முந்திய விதி நீடித்திருந்தால் காரியஸ்தரின் சொல் மட்டுமே கேட்கப்பட்டிருக்கும். உழவனின் மறுப்பு ஜூரிகளின் செவிக்கு எட்டியே இராது. புதிய ஓட்ஸுக்கு 34 ஷில்லிங் மிகை என்று பிரதிவாதியின் தரப்பில் சாட்சியம் வந்தது. அக்காலத்தில் ஓட்ஸே அரிதாயிருந்தது என்பதும் வெளிப்பட்டது.

நீதிபதி ஜூரிகளிடம் இரு கேள்விகளை விடுத்தார். 'பழைய' என்ற சொல் பேசப்பட்டதா? பேசப்படவில்லையெனில், தாம் பழைய ஓட்ஸுக்கே ஒப்பந்தம் செய்வதாக வாங்குபவர் நம்பியதை உழவன் அறிந்திருந்தானா? ஜூரிகள் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தனர். எந்தக் கேள்வியின்மேல் என்று சொல்லவில்லை.

மேல்முறையீட்டில் காக்பர்ன், பிளாக்பர்ன், ஹானென் ஆகிய நீதிபதிகள் இரண்டாம் கேள்வியை ஆராய்ந்தனர். சரக்கு பழையது என்று வாங்குபவர் தாமே எண்ணிக்கொள்வது ஒன்று. பழையது என்று விற்பவன் வாக்களிப்பதாக எண்ணுவது மற்றொன்று. முன்னதை அறிந்தும் உழவன் வாளாவிருந்தால் ஒப்பந்தம் கெடாது. மாதிரியைப் பார்த்து வாங்கியவர் தம் மதிப்பீட்டையே நம்பினார். பின்னதை அறிந்திருந்தால் நிலை வேறு. இவ்வேறுபாடு ஜூரிகளுக்கு விளங்கியிராது எனக் கருதி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டனர். 'பழைய' என்னும் சொல் அந்தப் பேரத்தில் ஒலித்ததா என்னும் முதற் கேள்விக்கு அவர்கள் விடை கூறவில்லை.