சிறுவர் சித்திரமும் இல்லமும்: ஒரு வரலாற்று நோக்கு

1956ஆம் ஆண்டு யூலை மாதத்தில் உருசியாவின் நொவ்கொரொட் நகரில் அகழ்வாராய்ச்சி நடாத்திய அறிஞர் குழுவினர், மண்ணுள் புதைந்து கிடந்த பூர்ச்ச மரப்பட்டைத் துண்டுகள் பலவற்றைக் கண்டெடுத்தனர். அவை பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. அவற்றிற் கீறியவன் ஒன்பிம் என்னும் பெயருடைய சிறுவன். வயது ஆறு அல்லது ஏழு இருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. எழுத்துப் பயிற்சிக்கெனக் கொடுக்கப்பட்ட பட்டைகளில் அவன் நெடுங்கணக்கின் சில எழுத்துக்களை மாத்திரம் எழுதி முடித்து, எஞ்சிய இடமெங்கும் சித்திரங்களை வரைந்துள்ளான். ஒன்றிற் குதிரைமீது அமர்ந்த வீரன் ஒருவன் கீழே வீழ்ந்து கிடக்கும் பகைவனை ஈட்டியாற் குத்துகிறான்; வீரனின் அருகே ஒன்பிம் என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. மற்றொன்றில் விசித்திரமான விலங்கொன்று காணப்படுகிறது. தான் ஒரு கொடிய விலங்கு என அதுவே அறிமுகஞ் செய்துகொள்கிறது. அவன் வரைந்த மாந்தரின் கைகள் வாருகோலைப் போல விரிந்துள்ளன. விரல்களின் எண்ணிக்கையும் ஒரே அளவில் இல்லை. மூன்று, நான்கு என அவை கைக்குக் கை வேறுபடுகின்றன.

இற்றைக்கு ஏறக்குறைய எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கீறல்களுக்கும், இன்று ஒரு வீட்டு விறாந்தைச் சுவரில் ஐந்து வயதுக் குழந்தை கரிக்கட்டியாற் கீறும் உருவத்திற்கும் அதிக வேற்றுமை இல்லை. குழந்தை வரைவது எக்காலத்தும் நிகழ்ந்துவந்த ஒன்று. மாறியது குழந்தையன்று, அதனை நோக்கிய முதியோரின் பார்வையே. சுவரை அழுக்காக்கும் குறும்பு என்று கருதப்பட்ட செயல் எவ்வாறு ஊக்குவிக்கத்தக்க வெளிப்பாடு எனக் கொள்ளப்படலாயிற்று என்பதே ஆராயத்தக்கது. சிறுவர் சித்திரத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதனைப் பாடசாலையின் வரலாறாகவே எழுதிச் சென்றனர். எனினும் அவ்வரலாற்றின் திருப்புமுனைகள் பலவும் வகுப்பறைக்கு வெளியே, இல்லத்திலும் அதன் அயலிலுமே நிகழ்ந்தன.

இவ்வகையில் முதலிற் குறிப்பிடத்தக்கவர் ரூசோ. 1762இல் வெளிவந்த 'எமில்' என்னும் நூலில் அவர் சித்திர ஆசிரியரை வீட்டினுள் விடுவதற்கு மறுக்கிறார். பிறர் வரைந்த படங்களைப் பார்த்துக் கீறுவதை விடுத்து, பொருள்களையே நேரிற் பார்த்து வரைய வேண்டும் என்பது அவர் கொள்கை. வளர்ப்பாசான் தானும் பென்சிலை எடுத்து, சிறுவனைப் போலவே கோணலாக, கைக்கு ஒரு கோடு, காலுக்கு ஒரு கோடு என வரையத் தொடங்குகிறான். காலுக்குப் பருமன் உண்டென்பதை இருவரும் சேர்ந்தே பின்னர் கண்டுகொள்கின்றனர். வரைந்த படங்கள் சட்டமிடப்பட்டு அறையிலே தொங்கவிடப்படுகின்றன. மிகக் குறைபாடுடைய தொடக்கப் படங்களுக்குப் பொன்முலாம் பூசிய சட்டம்; திறமை வளர வளர எளிய கருநிறச் சட்டம். அழகு படத்தில் இல்லாதபோது சட்டத்தில் இருக்கட்டும் என்ற இந்த ஏளனத்தில் ஓர் உளவியல் நுட்பமும் உண்டு. தாம் பெற்ற குழந்தைகள் ஐவரையும் அநாதை இல்லத்தில் ஒப்படைத்த ஒருவரே இந்நூலை எழுதினார் என்பதையும் மறத்தலாகாது. அவர் வளர்த்த பிள்ளை தாளில் மாத்திரம் வளர்ந்த பிள்ளை.

ரூசோவின் கருத்து உடனடியாக வீடுகளைச் சென்றடையவில்லை. அதற்குக் கொள்கையைவிட எளியதொரு காரணம் உண்டு: தாளின் விலை. கந்தையிலிருந்து தாள் செய்யப்பட்ட காலத்தில் ஒரு குழந்தை கிறுக்கி எறிவதற்குத் தாள் கொடுப்பது வசதி படைத்தோர்க்கும் வீண்செலவாகவே தோன்றியது. சாள்ஸ் டார்வினின் இல்லத்திலே பிள்ளைகள் தந்தையின் பழைய கையெழுத்துத் தாள்களின் பின்புறத்தில் வரைந்தனர். 1859இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் மூலப்படியில் இன்று எஞ்சியிருப்பவை சொற்பமான தாள்களே. அவற்றுட் சில, பிள்ளைகளின் படங்கள் மறுபக்கத்தில் இருந்தமையாற் பிழைத்தவை. ஒரு தாளிலே பழங்களும் மரக்கறிகளும் படைவீரராகி ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. உலகின் சிந்தனையை மாற்றிய நூலின் கையெழுத்தினைத் தந்தை குப்பையெனக் கழித்துவிட, பிள்ளையின் கிறுக்கலை வீட்டார் பேணிவைத்தனர் என்பது சுவையான முரண். மரக்கூழிலிருந்து தாள் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரவியபின்னரே தாள் மலிந்தது. 1903இல் அமெரிக்காவில் எட்டு நிறங்கள் கொண்ட 'கிரயோலா' மெழுகு வர்ணப் பெட்டி ஐந்து சதத்திற்கு விற்பனைக்கு வந்தது. வீட்டிற் குழந்தை வரைவதை ஊக்குவித்த வரலாற்றில் இவ்விரு நிகழ்வுகளும் எந்தக் கல்வித் தத்துவ நூலுக்கும் குறைந்தனவல்ல.

பெஸ்டலோசியும் புரோபெலும் சித்திரத்தைக் கல்விக்குள் கொணர்ந்தனர். ஆயினும் முன்னவரிடம் அது கோடு, கோணம், வளைவு என்னும் படிமுறைப் பயிற்சியாகவும், பின்னவரிடம் சதுரக் கட்டங்களின் மீது அமைந்த வடிவ விளையாட்டாகவும் நின்றது. குழந்தை தானாக வரைவதை அதற்காகவே நோக்கியவர்களுள் இத்தாலியரான கொறாடோ ரிச்சி முன்னோடி. 1882–83 குளிர்காலத்தில் பொலோஞா நகரில் மழைக்கு ஒதுங்கி மண்டபமொன்றின் கீழ் நின்ற அவர், சுவரெங்கும் சிறுவர் கீறியிருந்த உருவங்களைக் கண்டார். சுவரின் கீழ்ப்பகுதியில் இருந்தவை சின்னஞ் சிறாரின் படங்கள்; மேலே செல்லச் செல்ல வரைந்தவரின் வயதும் உயர்ந்தது. அவர் கண்டது ஒரு வளர்ச்சி வரலாறு. 'குழந்தைகளின் கலை' என்ற அவரது நூல் 1887இல் வெளிவந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1885இல், பிரான்சு சிசெக் என்னும் இளைஞர் ஓவியம் பயில வியன்னாவுக்கு வந்து ஒரு தச்சர் குடும்பத்தில் வாடகைக்கு இருந்தார். அவர் வர்ணந் தீட்டுவதைக் கண்ட அவ்வீட்டுப் பிள்ளைகள் தாமும் அவ்வாறு செய்ய விரும்பினர். அவர் தூரிகையையும் வர்ணத்தையும் கொடுத்துவிட்டுப் பேசாதிருந்தார். அவரது யன்னலுக்கு எதிரே இருந்த பலகை வேலியிலும் அயற் சிறுவர் வெண்கட்டியாற் கீறிக்கொண்டே இருந்தனர். இவற்றை அவர் தம் நண்பரான ஓவியர்களுக்குக் காட்டியபோது, பழைய மரபை உடைக்க முனைந்துகொண்டிருந்த அவர்கள் வியந்து ஊக்கமளித்தனர். 1897இல் அவர் தொடங்கிய சிறுவர் கலை வகுப்பு, வேலைவாங்கும் இடமாகவன்றிப் பிள்ளைகள் விரும்பி வரும் இடமாக அமைந்தது. முதலாம் உலகப் போரின் பின் பட்டினியால் வாடிய வியன்னாக் குழந்தைகளுக்கு நிதி திரட்டும் பொருட்டு அவ்வகுப்புப் பிள்ளைகளின் ஆக்கங்கள் 1920இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு நகர்தோறும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆங்கில ஆசிரியர் பலர் முதன்முதலிற் 'குழந்தைக் கலை' என்ற ஒன்றைக் கண்டது அப்பொழுதுதான்.

சிசெக்கைப் போற்றுவோர் கடந்துசெல்லும் ஒரு சிக்கல் இவ்விடத்தில் உண்டு. அவரது வகுப்பின் ஆக்கங்களை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, அவை ஒன்றையொன்று ஒத்திருப்பது புலனாகும். பூவேலைப்பாடு மிக்க விளிம்புகள், தெளிவாக வெட்டப்பட்ட உருவங்கள், வியன்னாவில் அக்காலத்து வழங்கிய அலங்காரப் பாணி ஆகிய யாவும் அவற்றிற் காணப்படுகின்றன. எதனையுங் கற்பிப்பதில்லை என்று கூறிய ஆசிரியரின் விருப்பு வெறுப்பு, அவர் தெரிந்த பொருள்களினூடாகவும் பாராட்டினூடாகவும் பிள்ளைகளின் கையை இயக்கியது போலும். தச்சர் வீட்டிலும் பலகை வேலியிலும் அவர் கண்டது வேறு. தாம் அமைத்த வகுப்பில் விளைந்தது வேறு. 'சுதந்திர வெளிப்பாடு' என்ற சொல்லை எளிதிற் கையாளும் எவரும் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

குழந்தையின் வெளிப்பாட்டை அதன் வீட்டிலேயே இருந்து பொறுமையுடன் அவதானித்தவர் பிரெஞ்சு மெய்யியலாளரான லுக்கே. யேர்மனியிற் கெர்சென்ஸ்டைனர் 1905இல் மியூனிச் பாடசாலைகளிலிருந்து இலட்சக்கணக்கான படங்களைத் திரட்டி ஆய்வு வெளியிட, லுக்கே ஒரே ஒரு குழந்தையைத் தெரிந்தார். அது அவரது மகள் சிமோன். அவள் வரைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை, வரையும்போது அவள் கூறிய சொற்களோடு பதிவு செய்து 1913இல் நூலாக்கினார். பாடசாலையிற் சேகரித்த படம், எழுதி முடித்த விடைத்தாளைப் போன்றது. அது உருவான வழி அதில் இல்லை. வீட்டில் அருகிருந்த தந்தைக்கோ, குழந்தை முதலிற் கீறிவிட்டுப் பின்னரே அதற்குப் பெயரிடுவதும், ஒரு கோட்டின் தற்செயலான வளைவு அதனைப் பறவையாக்கிவிடுவதும் புலப்பட்டன. வீட்டை வரையும் குழந்தை அதன் சுவரினூடே உள்ளிருக்கும் மேசையையும் கட்டிலையும் காட்டுவது பிழையன்று. அது கண் காண்பதையன்றி மனம் அறிந்ததை வரைகிறது என்பது லுக்கேயின் விளக்கம். இதனை அவர் 'அறிவுசார் மெய்ம்மை' எனக் குறித்தார். பியாசே பின்னர் இவ்வகைப்பாட்டைத் தழுவிக்கொண்டார். பெரியோர் திருத்தாது விலகி நிற்க வேண்டும் என்பது லுக்கே கண்ட முடிபு.

ஓவியர்களும் அக்காலத்திற் குழந்தைகளை நோக்கினர். போல் கிளேயின் கையிற் சிறு வயதில் வர்ணக் கட்டிகளைக் கொடுத்தவர் அவருடைய பாட்டியார். பெற்றோர் வீட்டிற் பேணப்பட்டிருந்த தமது பிள்ளைப் பருவப் படங்களை 1902இல் மீளக் கண்ட கிளே, 1911இல் தம் ஆக்கங்களுக்குப் பட்டியல் வகுக்கத் தொடங்கியபோது, அவற்றுட் பதினெட்டினைச் சேர்த்துக்கொண்டார். இலண்டனில் 1917இல் றோஜர் பிறை நடாத்திய சிறுவர் படக் காட்சியும் ஓவிய நண்பர்களின் வீட்டுப் பிள்ளைகள் வரைந்தவற்றைக் கொண்டே தொடங்கிற்று. டட்லி நகரப் பாடசாலை ஆசிரியையான மரியன் றிச்சட்சன் தம் மாணவியரின் படங்களுடன் அங்கு வந்தமை பின்னர் ஆங்கிலச் சித்திரக் கல்வியை மாற்றியமைத்தது.

இலங்கை நிலை இவற்றினின்றும் வேறானது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளை தொழில் கற்கும் முறையை விவரித்துள்ளார். அப்பிள்ளை முதலிற் பயில்வது 'வக தெக' எனப்படும் இரட்டை வளைவு. அதனை மீண்டும் மீண்டும் வரைந்து கைபடிந்த பின்னரே ஏனைய உருவங்களுக்குச் செல்லும். அங்கும் கலை வீட்டிலேதான் கற்கப்பட்டது. ஆனால் அது தன்னை வெளிப்படுத்துவதன்று. முன்னோரின் கையைத் தன் கையில் ஏற்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதும், முன்னதை அடிமைத்தனம் எனத் தள்ளுவதும் ஒருங்கே தவறாகும். குடியேற்றவாதக் காலப் பாடசாலைகளில் வழங்கியதோ இரண்டுமன்று. அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்துப் பிரதி செய்வதே சித்திரமெனப்பட்டது. 1920இற் சித்திரப் பரிசோதகராக வந்த சார்ள்ஸ் வின்சர் இதனை மாற்ற முயன்றார். யாழ்ப்பாணத்திற் சித்திர ஆசிரியராகவும் வித்தியாதரிசியாகவும் பணியாற்றிய எஸ். ஆர். கனகசபை 1938இல் நிறுவிய கலைக் கழகத்துக்கு வின்சரின் பெயரே இடப்பட்டது.

எனினும் தமிழர் இல்லங்களிற் குழந்தை வரைந்தது பற்றி எழுதுவதற்குச் சான்றுகள் அரிது. ஏடு தொடக்கலின்போது அரிசியிலும், அதன்பின் மணலிலும் விரலாற் பழகிய பிள்ளை, எழுத்து முடிந்ததும் அதே மணலில் யானையையும் தேரையும் கீறியிருக்கும் என்பதில் ஐயமில்லை. மரப்பட்டை எழுநூறாண்டு நின்றது. முற்றத்து மணல் மறுநாட் காலை கூட்டப்பட்டது. கீறியது எழுத்தாயின் பெருமையும், படமாயின் படிப்பைக் கவனியாத குறையும் எனக் கொள்ளும் மனப்பாங்கு பரீட்சைக் கல்வியோடு வலுப்பெற்றது.

வீட்டிற் பெற்றார் செய்ய வேண்டியது யாது என்ற வினாவை நேரடியாக எடுத்துக்கொண்டவர் விக்டர் லோவன்பெல்ட். வியன்னாவிற் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண்ணிற் சிலை வனையக் கற்பித்த இவர், 1938இல் நாசிகளிடமிருந்து தப்பிப் பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்தார். 1947இல் வெளியான அவரது பெருநூலில் ஒரு சிறு எடுத்துக்காட்டு உண்டு. ஒரு குழந்தை தன் போக்கிற் பறவைகளை வரைகிறது; பின்பு பயிற்சி நூலில் அச்சிட்டிருந்த பறவைக்கு வர்ணந் தீட்டுகிறது; அதன்பின் வரைந்த பறவைகள் யாவும் அந்நூலின் பறவைகளாகவே அமைகின்றன. 1954இற் பெற்றாருக்கெனவே அவர் எழுதிய நூலிலும் இத்தகைய வர்ணந்தீட்டும் புத்தகங்களைக் கண்டித்தார். அவற்றின் விற்பனை அதனாற் குறைந்ததாகத் தெரியவில்லை.

லோவன்பெல்ட் தப்பிய நாட்டிற் பிறந்த மற்றொருவர் பிரீடல் டிக்கர். சிசெக்கிடமும் பின்னர் பௌஹவுசிலும் பயின்ற இவர், வெளியேறும் வாய்ப்பிருந்தும் செக்கொஸ்லோவாக்கியாவிலே தங்கிவிட்டார். 1942 டிசம்பரில் தெரேசின் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டபோது, உடன்கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்ட பொதியிற் பெரும்பகுதியைச் சித்திரப் பொருள்களாலேயே நிரப்பினார் எனக் கூறப்படுகிறது. பெற்றாரிடமிருந்து பிரிக்கப்பட்டுச் சிறுவர் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு அவர் இரகசியமாக வகுப்பு நடாத்தினார். தாள் தீர்ந்தபோது அலுவலகப் படிவங்களின் பின்புறம் பயன்பட்டது. வர்ணத் தாள்கள் கிழித்து ஒட்டப்பட்டன. 1943இல் முகாமினுள்ளேயே சிறுவர் சித்திரம் பற்றி ஒரு விரிவுரையும் ஆற்றினார். பிள்ளைகளை ஓவியராக்குவது அவர் நோக்கமன்று; வளர்ந்தோர் தம் வழியைப் பிள்ளைமேற் சுமத்துவதையும் அவர் விரும்பவில்லை. ஒவ்வொரு படத்திலும் தம் பெயரை எழுதும்படி மாத்திரம் கூறினார். இலக்கங்களால் அழைக்கப்பட்ட இடத்தில் இது சிறிய செயலன்று.

முகாமின் வரிசைகளும் கட்டில் அடுக்குகளும் சில படங்களில் உள்ளன. ஆயினும் மிகப் பல படங்களில் உள்ளவை வீடுகளே: விளக்குத் தொங்கும் அறை, விரித்த மேசை, யன்னலிற் பூச்சாடி, புகைபோக்கி, வேலிக்குள் ஒரு மரம். 1944 ஒக்டோபரில் டிக்கர் அவுஷ்விற்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரது மாணவரிற் பெரும்பாலோரும் உயிர் தப்பவில்லை. ஒளித்து வைக்கப்பட்டிருந்த இரு பெட்டிகளை, முகாமிலிருந்து மீண்ட வில்லி குரோக் 1945இற் பிராக் நகர யூத சமூகத்தினரிடம் ஒப்படைத்தார். ஏறக்குறைய 4,500 படங்கள் அவற்றுள் இருந்தன. அவை இன்று அந்நகரத்து யூத அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளன. பெரும்பாலானவற்றின் மூலையிற் குழந்தையின் கையெழுத்தில் அதன் பெயர் உள்ளது.