யாருக்குக் கணக்குக் காட்டுவது? சாட் எண்ணெயும் போட்ஸ்வானா வைரமும்

சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்கா பற்றி 1989-இல் வெளியிட்ட அறிக்கையில் உலக வங்கி, அந்நாடுகளின் தேக்கத்துக்கு ஆட்சிமுறை நெருக்கடியையும் ஒரு காரணமாகச் சுட்டியது. அதிலிருந்து நல்லாட்சி, வளர்ச்சி உதவிக்கான நிபந்தனைகளில் ஒன்றாயிற்று. 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 16-ஆவது இலக்கு அதையே பேசுகிறது. நல்லாட்சி இன்றி வளர்ச்சி நீடிக்காது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் கடன் கொடுப்பவர் நல்லாட்சியை ஒரு சட்ட வரைவாக எழுதிக் கொடுத்து நிறுவிவிடலாம் என்ற நம்பிக்கை தவறானது. இதை நான் வெறும் கொள்கை நிலையில் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையை முழுமையாகச் சோதித்துப் பார்த்த ஒரு திட்டம் வரலாற்றில் இருக்கிறது.

சாட் நாட்டின் தெற்கே டோபா வட்டாரத்தில் கிடைக்கும் எண்ணெயைக் கேமரூன் கடற்கரையிலுள்ள கிரிபிக்குக் கொண்டுசெல்ல 1,070 கி.மீ. நீளக் குழாய் அமைக்க வேண்டியிருந்தது. எக்ஸான்மொபில் தலைமையில் செவ்ரானும் பெட்ரோனாஸும் முதலீடு செய்தன. மொத்தச் செலவில் உலக வங்கியின் பங்கு சிறிது. ஆனால் அது உடன் வராவிட்டால் தாங்களும் இறங்குவதில்லை என்று நிறுவனங்கள் நின்றன. வங்கி வருவாய் மேலாண்மைச் சட்டம் ஒன்றைக் கேட்டது. 1999-இல் சாட்டில் அது சட்டமாயிற்று. 2000 ஜூனில் வங்கி ஒப்புதல் தந்தது.

அந்தச் சட்டத்தைக் கவனமாகப் படிப்பது நல்லது. உரிமத்தொகையும் பங்காதாயமும் லண்டனிலுள்ள சிட்டி வங்கிக் கணக்கில் சேரும். அதில் 10% எதிர்காலத் தலைமுறைகளுக்கான நிதி. எஞ்சியதில் 80% கல்வி, உடல்நலம், ஊரக வளர்ச்சி, சாலை, நீர் முதலிய முன்னுரிமைத் துறைகளுக்கு. 5% எண்ணெய் எடுக்கப்படும் வட்டாரத்துக்கு. மீதி அரசின் பொதுச் செலவுக்கு. ஒவ்வொரு செலவுக்கும் ஒன்பது பேர் கொண்ட மேற்பார்வைக் குழு ஒப்புதல் தர வேண்டும். அதில் குடிமைச் சமூகப் பிரதிநிதிகளும் உண்டு. வளரும் நாடு ஒன்றில் இவ்வளவு முன்யோசனையோடு எழுதப்பட்ட வருவாய்ச் சட்டம் அரிது.

ஓட்டைகளும் அதே வாசகத்தில்தான் இருந்தன. சட்டம் கட்டுப்படுத்தியது மூன்று எண்ணெய் வயல்களின் வருவாயை மட்டுமே. புதிதாகக் கண்டறியப்படும் வயல்கள் அதன் எல்லைக்கு வெளியே. நிறுவனங்கள் கட்டும் வருமான வரி நேரே கருவூலத்துக்குப் போயிற்று. எண்ணெய் விலை திட்டமிட்டதைவிடப் பல மடங்கு ஏறியபோது, சட்டத்துக்கு உட்படாத அந்த வரிதான் பெருந்தொகையாயிற்று. மேற்பார்வைக் குழுவால் முறைகேட்டைக் கண்டறிந்து எழுத முடிந்தது. தண்டிக்க அதிகாரம் இல்லை. அதன் அறிக்கைகளை நேர்மையான உழைப்பு என்றே சொல்ல வேண்டும். அவற்றை எடுத்துக்கொண்டு அரசைக் கேள்வி கேட்கும் நீதிமன்றமோ, தோற்கடிக்கும் தேர்தலோ இல்லாததுதான் குறை. 1990-இல் ஆயுத பலத்தால் ஆட்சிக்கு வந்த இத்ரிஸ் டெபி, தான் மூன்றாம் முறை போட்டியிட ஏதுவாக 2005-இல் அரசியல் சட்டத்தையே திருத்திக்கொண்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் வருவாய்ச் சட்டமும் திருத்தப்பட்டது. எதிர்காலத் தலைமுறை நிதி ஒழிந்தது; முன்னுரிமைத் துறைகளின் பட்டியலில் பாதுகாப்பு சேர்ந்தது. 2006 ஜனவரியில் வங்கி 12.4 கோடி டாலர் கடனுதவியை நிறுத்தி, லண்டன் கணக்கையும் முடக்கியது. டெபி எண்ணெயை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினார்; ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. 2008 செப்டம்பரில் சாட் தன் கடனை முன்கூட்டியே அடைத்துவிட, வங்கி விலகியது. எண்ணெய்ப் பணத்தைக் கொண்டே எண்ணெய்ப் பணத்தின் மீதான கட்டுப்பாட்டை விலைக்கு வாங்க முடிந்தது. கடனோடு பிறந்த பொறுப்புக்கூறலின் ஆயுள் கடன் அடையும் வரைதான்.

கிளர்ச்சிப் படைகள் தலைநகர் வரை வந்த நாட்டில் பாதுகாப்புச் செலவு தவிர்க்க முடியாதது என்ற டெபியின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அந்தத் தேவையை எடைபோட்டுச் சொல்லும் வாய்ப்பு சாட் மக்களுக்குக் கிடைக்கவில்லை. விவகாரம் அரசுக்கும் உலக வங்கிக்கும் இடையிலேயே நடந்து முடிந்தது.

போட்ஸ்வானாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1966-இல் விடுதலை, மறு ஆண்டு ஒராபாவில் வைரம். அந்த நிலம் குடியரசுத் தலைவர் செரெட்ஸே காமாவின் சொந்த இனக்குழுவான பமாங்வாட்டோவினுடையது. இருந்தும் கனிம உரிமை எந்த இனக்குழுவுக்கும் அல்ல, நாட்டுக்கே என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. வைர நிறுவனமான டி பியர்ஸோடு பேரம் பேசி, டெப்ஸ்வானா என்ற கூட்டு நிறுவனத்தில் அரசு பாதிப் பங்கைப் பெற்றது. பிற்காலத்தில் நிதியமைச்சகம் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டது: அன்றாட நுகர்வுச் செலவைக் கனிமம் சாராத வருவாயால் வகுத்தால் விடை ஒன்றைத் தாண்டக்கூடாது. கனிம வருவாய் பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் சேமிப்புக்கும் போக வேண்டும் என்பதே பொருள். இதை எந்தக் கடன் ஒப்பந்தமும் விதிக்கவில்லை. எப்போதும் பிசகாமல் காக்கப்படவும் இல்லை. ஆனால் பிசகினால் உள்நாட்டிலேயே கேட்க ஆள் இருந்தார்கள்.

போட்ஸ்வானாவைப் புனிதமாக்குவது ஆய்வுக்கு அழகல்ல. வருமான ஏற்றத்தாழ்வு அங்கே மிகக் கடுமை. மத்திய கலகாரி காப்பகத்திலிருந்து பழங்குடியினரான சான் மக்களை அரசு வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அரசு செய்த அநீதியை அந்நாட்டின் நீதிமன்றமே அரசுக்கு எதிராகச் சொல்ல முடிந்ததை நான் பெரிதாகக் கருதுகிறேன். 2024-இல், விடுதலையிலிருந்து ஆண்ட கட்சி தேர்தலில் தோற்று, அமைதியாகப் பதவி விலகியது.

அப்படியானால் இத்தகைய வரலாறு வாய்க்காத நாடுகளுக்குக் கதியில்லையா? உகாண்டா ஒரு விடை தருகிறது. 1991–95 காலத்தில் மைய அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு அனுப்பிய மாணவர் தலைக்கான மானியத்தில் சராசரியாக 13% மட்டுமே பள்ளிகளைச் சென்றடைந்ததை பொருளியலாளர்களான ரெய்னிக்கா, ஸ்வென்ஸன் ஆகியோரின் கள ஆய்வு காட்டியது. அதன்பின் மாவட்டங்களுக்குப் போகும் தொகையை அரசு நாளிதழ்களில் வெளியிட்டது. பள்ளிச் சுவரிலும் தொகையை எழுதி ஒட்டச் சொன்னது. சென்றடையும் பங்கு வெகுவாக உயர்ந்தது. அந்த உயர்வுக்கு நாளிதழ் மட்டும் காரணமல்ல, நிதி நிர்வாகச் சீர்திருத்தங்களும் சேர்ந்தே நடந்தன என்று ஆய்வாளர் பால் ஹப்பர்ட் மறுத்தது நியாயமே. ஆனால் அச்சீர்திருத்தங்களையும் முன்னெடுத்தது உகாண்டா அரசுதான். கணக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கண்ணில் படும்படி வைக்கப்பட்டது.

சாட் திட்டத்துக்கே திரும்பினால், அங்கே குழாய்ப் பணி குறித்த காலத்துக்கு ஓராண்டு முன்பே, 2003-இல் முடிந்தது. நிர்வாகத் திறனை வளர்க்கும் பணிகள் பின்தங்கின. எண்ணெய் ஓடத் தொடங்கியபின் வங்கியின் கையில் நிலைக்கும் பிடி மிஞ்சவில்லை. எனவே இத்தகைய திட்டங்களில் நிதி விடுவிப்பின் வரிசையை மாற்ற வேண்டும். வட்டாரவாரியான வருவாய்க் கணக்கு உள்ளூர் மொழியில், வானொலியில், சந்தையில் மக்களுக்குக் கிடைக்கவும், அதைக் கொண்டு அவர்கள் நீதிமன்றம் போகவும் வழி செய்துவிட்டு, அந்த வழி ஓராண்டாவது நடைமுறையில் இருந்ததைப் பார்த்தபிறகே கட்டுமானக் கடனின் முதல் தவணையைக் கொடுக்க வேண்டும். திட்டம் தாமதமாகும் என்ற ஆட்சேபம் வரும். நிலத்தடியில் பல கோடி ஆண்டுகள் இருந்த எண்ணெய்க்கு அந்தத் தாமதத்தால் இழப்பு எதுவும் இல்லை.